வரிசைக்கும் ஒரு விலை

வியாபாரத்தில் நாம் விலை போடாத சரக்கு ஒன்று உண்டு. அது வாடிக்கையாளரின் நேரம். அரிசிக்கு விலை உண்டு, பருப்புக்கு விலை உண்டு, மூட்டை கட்டும் சணலுக்குக்கூடக் கணக்கு உண்டு. ஆனால் கல்லாவுக்கு முன் அரை மணி நேரம் நின்றவரின் நேரத்தை எந்தப் பேரேட்டிலும் நாம் எழுதுவதில்லை.

நாம் எழுதாவிட்டாலும் மற்றவர்கள் எழுதத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கூடுதலாகப் பணம் கட்டினால் முன்னால் போகலாம் என்ற ஏற்பாடு கோயிலிலும் ரயிலிலும் பொழுதுபோக்குப் பூங்காவிலும் வந்துவிட்டது. மலைக்கோயிலை நம்பிக் கடை நடத்தும் திருத்தணி வணிகர்களுக்கு இது வேடிக்கை பார்க்கும் செய்தி அல்ல. நம் கல்லாவோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

மலையில் வரிசை, அடிவாரத்தில் வியாபாரம்

1960 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் நம் ஊர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஆனால் முருகன் எல்லைக்கோடு பார்ப்பதில்லை. சித்தூர், நகரி, புத்தூர்ப் பக்கத்து மக்கள் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி சுமந்து வந்தபடியே இருக்கிறார்கள். தமிழிலும் தெலுங்கிலும் விலை சொல்லத் தெரியாதவர் இங்கே கடை வைக்க முடியாது. ஆடிக் கிருத்திகை, தெப்பத் திருவிழா, டிசம்பர் 31 இரவில் தொடங்கும் திருப்படித் திருவிழா ஆகிய நாட்களின் விற்பனையை வைத்தே பல கடைகளின் ஆண்டுக் கணக்கு நேராகிறது.

ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகளை ஏறி வருபவர்கள் ஒரு சாரார். மலைப்பாதையில் வாகனத்திலேயே மேலே போகிறவர்கள் இன்னொரு சாரார். சன்னதிக்கு முன்னாலும் இரண்டு சாரார்தான்: பொது தரிசன வரிசை, கட்டணம் செலுத்திய சிறப்பு வரிசை. பொது வரிசையில் நான்கு மணி நேரம் நின்றவர் இறங்கி வரும்போது கால் வலியும் பசியும்தான் மிஞ்சியிருக்கும். கைக்குழந்தை அழும். கடைசிப் பேருந்தையோ ரயிலையோ பிடிக்கும் கவலை வேறு. பொரி, கடலை, பொம்மை, பித்தளைச் சாமான் என்று கடை கடையாகப் பார்க்கும் மனநிலையில் அவர் இருப்பதில்லை. வரிசையில் போகும் ஒவ்வொரு மணியும் கடைத்தெருவுக்கு இல்லாமல் போகும் மணி.

பக்கத்து மலையின் பாடம்

இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் திருமலைக்குப் போனால் போதும். அங்கே வைகுண்டம் வரிசை வளாகத்தின் அறைகளில் பக்தர்களை அமர்த்தி, ஓர் அறை ஓர் அறையாகத் திறந்துவிடுகிறார்கள். காத்திருப்பவர்களுக்குப் பாலும் உணவும் இலவசமாகத் தரப்படுகின்றன. இதற்கு மேல் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனம் உண்டு. நாளும் நேரமும் குறித்து முன்பதிவு செய்துகொண்டு போகலாம். அதற்கும் மேலே, ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் நன்கொடை அளிப்பவருக்கு பிரேக் தரிசன வாய்ப்பு. அதே கோயிலில், நேரம் குறித்த இலவச டோக்கனும் பொது பக்தர்களுக்கு வழங்கப்படுகிறது.

300 ரூபாய்ச் சீட்டும் இலவச நேர டோக்கனும் ஒன்று போலத் தோன்றும். இரண்டிலும் நேரம் குறித்திருக்கிறது. ஆனால் முன்னது முன்னுரிமையை விற்கிறது. பின்னது காத்திருப்பை மட்டும் ஒழுங்குபடுத்துகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

டிஸ்னி கண்ட கணக்கு

அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி 1955இல் டிஸ்னிலாந்து பூங்காவைத் திறந்தார். அங்கே பல ஆண்டுகள் புத்தகமாகத் தைத்த சீட்டுகளே வழக்கில் இருந்தன. சாதாரண ராட்டினத்துக்கு ‘ஏ’ சீட்டு, மிகப் பிரபலமான சவாரிக்கு ‘இ’ சீட்டு. 1982இல் அந்த முறை போய், ஒரே நுழைவுக் கட்டணத்தில் எல்லாச் சவாரியும் என்றானது. சவாரிக்குத் தனி விலை இல்லையென்றால் எல்லோரும் பெரிய சவாரிக்கே போவார்கள். வரிசை நீண்டது.

1999இல் ‘ஃபாஸ்ட்பாஸ்’ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். சவாரி வாசலில் உள்ள இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செருகினால், எத்தனை மணிக்குத் திரும்பி வர வேண்டும் என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு வரும். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அந்த நேரம் வரை மனிதர் வரிசையில் நிற்காமல் பூங்காவில் சுற்றலாம். சுற்றுகிறவர் சாப்பிடுவார், பொம்மை வாங்குவார். வரிசையில் நிற்கிறவரால் பணம் செலவழிக்க முடியாது என்ற எளிய உண்மையைப் பூங்கா நிர்வாகம் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது.

பிறகு கதை திரும்பியது. இலவச முறை போய், 2021 அக்டோபரில் புளோரிடா பூங்காக்களில் நபருக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் கட்டண முறை வந்தது. 2024இல் அறிமுகமான உயர்தரச் சீட்டின் விலை சில நாட்களில் ஒருவருக்கு 400 டாலரையும் தாண்டியது. இலவசமாகத் தந்த வசதியே நாளடைவில் தனிச் சரக்காகிவிட்டது. நம் நாட்டில் வொண்டர்லா போன்ற பூங்காக்களிலும் கூடுதல் விலைக்கு ‘ஃபாஸ்ட்டிராக்’ சீட்டு விற்கிறார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. தொலைபேசி இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாட்களில், பெரிய தொகை கட்டி முன்னதாக இணைப்பு வாங்கும் ‘ஓ.ஒய்.டி.’ திட்டத்தை மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரயிலில் 1997இல் வந்த தட்கல் முறையும் இதே வழிதான்.

யார் நேரம், யார் கைக்குப் போகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக மட்டுமே. ஒரு சன்னதியில் மணிக்கு 1,200 பேர் தரிசனம் செய்ய முடியும்; பொது வரிசையில் 3,600 பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் நிற்பவர் 3 மணி நேரத்தில் தரிசித்துவிடுவார். இப்போது மணிக்கு 400 பேர் கட்டண வழியில் உள்ளே வந்தால், பொது வரிசைக்கு மிஞ்சுவது 800 இடம். அதே கடைசி மனிதருக்கு நாலரை மணி நேரம் ஆகும். கட்டண வழியில் 600 பேர் வந்தால் 6 மணி நேரம்.

சன்னதியின் வாசல் அகலமாகவில்லை. அர்ச்சகரின் கை வேகமாகவில்லை. ஒருவர் மிச்சம் பிடித்த நேரத்தை இன்னொருவர் நின்று தீர்க்கிறார். சீட்டு விற்பனைக்கு வரம்பு இல்லாவிட்டால் கட்டண வரிசையும் நீண்டு, பணம் கட்டியவரும் காத்திருக்க நேரிடும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கோயிலுக்கு வருமானம் தேவை. திருத்தணியில் 2021 செப்டம்பரில் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கியது. அதே மாதத்தில் தமிழகக் கோயில்களில் முடிக் காணிக்கைக் கட்டணமும் நீக்கப்பட்டது. இலவசமாக ஒன்று நடக்கும்போது அதன் செலவை யாரோ ஏற்கத்தான் வேண்டும். வயதான தாயை அழைத்து வந்தவர், அன்றைக்கே ஊர் திரும்ப வேண்டிய கூலிக்காரர் ஆகியோருக்குச் சிறப்புச் சீட்டு ஓர் உதவி என்பதும் உண்மை.

கோயில்களில் கட்டணத்தின் பேரில் தரும் சிறப்பு தரிசனத்தை எதிர்த்த வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2025 ஜனவரி 31ஆம் தேதி நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்கவில்லை. தனிச் சலுகை கூடாது என்ற கருத்து நீதிபதிகளுக்கு இருந்தாலும், இதில் உத்தரவிட முடியாது, சமுதாயமும் கோயில் நிர்வாகமும் முடிவு செய்ய வேண்டியது என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சமுதாயத்தில் கடைத்தெருவும் ஒரு பகுதி. ஆகவே நாம் வாய் திறப்பதில் தவறில்லை.

டோக்கனிலும் கவனம் வேண்டும்

நேரம் குறித்த இலவச டோக்கனே நமக்கும் பக்தர்களுக்கும் நல்லது என்பது என் கருத்து. தமிழக நியாய விலைக் கடைகளில் இது நடந்து காட்டிய முறை. 2020 ஏப்ரலில் கொரோனா நிவாரணம் 1,000 ரூபாய் வழங்கியபோதும், 2021 பொங்கல் பரிசின்போதும் நாளும் நேரமும் எழுதிய டோக்கன் வீட்டுக்கே வந்தது. பணக்காரருக்கு ஒரு டோக்கன், ஏழைக்கு ஒரு டோக்கன் என்று இல்லை.

ஆனால் டோக்கன் கொடுக்கும் இடமே நெரிசலாகிவிட்டால் பலன் போய்விடும். 2025 ஜனவரி 8ஆம் தேதி திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்காகக் கூடிய கூட்டத்தில் 6 பக்தர்கள் உயிரிழந்தார்கள். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், இத்தனை டோக்கன்தான் என்று அறிவித்தால் ஜனம் முண்டியடிக்கத்தான் செய்யும். நம் ஊரில் இப்படி ஓர் ஏற்பாடு வந்தால் ரயில் நிலையம், பேருந்து நிலையம், சரவணப் பொய்கை, மலையேறும் வழி எனப் பல இடங்களில் டோக்கன் கிடைக்க வேண்டும். முந்தைய நாளே தொடங்க வேண்டும்.

நம் கடையில் வரிசை எப்படி?

கோயிலைப் பற்றிப் பேசும் முன் நம் தராசையும் பார்க்க வேண்டும். காரில் வந்து இறங்கியவருக்கு முதலில் எடை போட்டு, கால் கிலோ துவரம்பருப்புக்கு நிற்கும் கூலிக்காரப் பெண்மணியை நிறுத்திவைப்பது எந்தக் கடையிலும் நடக்காத காரியம் அல்ல. சீட்டு அச்சடிக்கவில்லையே தவிர அதுவும் சிறப்பு தரிசனம்தான். காத்திருப்பைவிட, தனக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போவதே மனிதரை அதிகம் உறுத்தும். டேவிட் மைஸ்டர் என்ற நிபுணர் 1985இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்கினார்: நியாயமற்ற காத்திருப்பு நீளமாகத் தோன்றும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும் நீளமாகத் தோன்றும்.

விரைவு வேறு, பாரபட்சம் வேறு. கடையில் பதினைந்து நிமிட மாதச் சாமான் சீட்டுடன் ஒருவரும், ஆளுக்கு ஒரு நிமிட வேலையான கற்பூரம், தீப்பெட்டி, வெல்லம் கேட்டு ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நிற்கிறார்கள். பெரிய சீட்டை முதலில் எடுத்தால் ஐவரும் 15, 16, 17, 18, 19 நிமிடம் காத்திருக்க வேண்டும். கூட்டினால் 85 நிமிடம். சின்ன வேலைகளை முதலில் முடித்தால் ஐவரின் காத்திருப்பு மொத்தம் 10 நிமிடம். பெரிய சீட்டுக்காரருக்கு 5 நிமிடம். ஆக 15 நிமிடம்தான். காசு வாங்காமலே வரிசையைச் சுருக்க வழி இருக்கிறது.

இன்னொரு வழி நம் தகப்பனார் காலத்திலேயே உண்டு. "சீட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள், கட்டி வைக்கிறேன், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லாத மளிகைக் கடை எது? டிஸ்னி 1999இல் இயந்திரம் வைத்துச் செய்ததை நாம் ஓர் ஆணியில் சீட்டைக் குத்திவைத்துச் செய்துவந்தோம். இன்று அந்தச் சீட்டு வாட்ஸ்அப்பில் வருகிறது. சில நிமிடங்களில் வீட்டுக்கே சரக்கு என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் விற்பது பருப்பை மட்டுமல்ல, வரிசையில் நிற்காத சுகத்தையும்தான். அவர்களோடு போட்டியிட நம்மிடம் இருக்கும் ஆயுதங்களில் இந்தப் பழைய ஆணிக்கும் இடம் உண்டு.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பெரிய கொள்முதல்காரரின் லாரிக்கு ஏற்றி முடியும் வரை, பத்து மூட்டை எடுக்க வந்த கிராமத்துச் சில்லறைக் கடைக்காரரை நிறுத்தி வைத்தால் அவர் கடை அன்று திறப்பதே தாமதமாகும். காலையில் ஒரு மணி நேரத்தைச் சிறு வியாபாரிகளுக்கென ஒதுக்குவது பெரிய தியாகம் அல்ல.

சங்கம் செய்யக்கூடியவை

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு முன் கோயில் நிர்வாகத்திடம் சங்கத்தின் சார்பில் சில வேண்டுகோள்களை வைக்கலாம்.

1. பெரும் கூட்ட நாட்களில் பொது வரிசைக்கு நேரம் குறித்த இலவச டோக்கன், பல இடங்களில்.

2. கட்டண வழியில் மணிக்கு எத்தனை பேர் என்ற வரம்பை நிர்ணயித்து, அதை எல்லோரும் காணும்படி அறிவித்தல்.

3. முதியோர், மாற்றுத் திறனாளிகள், கைக்குழந்தையுடன் வரும் தாய்மார்களுக்குக் கட்டணமில்லாத முன்னுரிமை.

4. இப்போது எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத் தமிழிலும் தெலுங்கிலும் காட்டும் பலகை, அடிவாரத்திலேயே.

இதில் நமக்கும் லாபம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கையில் டோக்கனோடு மூன்று மணி நேரம் கிடைத்த பக்தர் கடைத்தெருவுக்குத்தான் வருவார். அப்படி வருகிறவரிடம் திருவிழா விலை என்று தேங்காய்க்குக் கூடுதலாக வாங்கினால், நிர்வாகத்திடம் நியாயம் பேச நமக்கு வாய் இராது. ஆகவே வேண்டுகோளோடு ஒரு வாக்குறுதியையும் சேர்த்துக் கொடுப்போம்: அந்த நாட்களில் விலைப்பட்டியல் கடை வாசலில் தொங்கும், உட்கார ஒரு பெஞ்சும் குடிக்கத் தண்ணீரும் இருக்கும், முதலில் வந்தவருக்கே முதல் எடை.