மழையில் நமக்குப் பின்னால் வருகிறவர்

ஐப்பசி மழை வலுத்துவிட்டால் சென்னையின் ஜி.எஸ்.டி. சாலையில் கார் ஓட்டுகிறவர்களுக்கு வேறு பேச்சே இருக்காது. "பின்னாடி ஒட்டிக்கிட்டே வர்றான் பாருங்க." "இந்த மழையில எதுக்கு இவ்வளவு வேகம்?" "நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கிட்டுப் போறான், எந்தப் பக்கம் திரும்புவான்னே தெரியல." பெருங்களத்தூர் நெரிசலைத் தாண்டிச் சாலை கொஞ்சம் விரிந்ததும், வெயில் நாளில் போகிற அதே வேகத்தில், முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு கார் நீளம் மட்டும் விட்டு, பிரைட் லைட்டும் ஹாரனுமாகப் பலர் விரட்டுவதை எந்த மழை நாளிலும் பார்க்கலாம்.

இதைப் பார்த்து வருகிற கோபம் நியாயமானது. எனக்கும் வருகிறது. ஆனால் அவர்கள் எல்லோரையும் பொறுப்பற்றவர்கள் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட்டால் ஒரு கேள்வி பாக்கி நிற்கும். அதே மனிதர் வீட்டுக்குப் போனதும் ஈரமான குளியலறைத் தரையில் காலை ஊன்றி ஊன்றித்தான் வைக்கிறார். அங்கே இருக்கிற எச்சரிக்கை சாலையில் எங்கே போனது?

அதற்கான விடை உராய்வில் இருக்கிறது. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் பாதம் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிடி குறைந்தால் முதல் அடியிலேயே கால் சொல்லிவிடும். கார் அப்படிச் சொல்லாது. சுமார் 1,100 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார் நேர்ச் சாலையில் 60 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது, காற்றின் எதிர்ப்பையும் டயரின் உருளல் எதிர்ப்பையும் சமாளிக்கும் அளவு விசை மட்டுமே சக்கரத்துக்குத் தேவை. காய்ந்த தார்ச்சாலை தரக்கூடிய மொத்தப் பிடியில் இது முப்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். மழையில் அந்தப் பிடி ஏறத்தாழ பாதியாகிவிட்டாலும், மீதியிருப்பதில் பதினைந்தில் ஒரு பங்குக்கு மேல் வண்டி கேட்பதில்லை. ஆகவே ஸ்டீயரிங்கில் எந்த மாற்றமும் தெரியாது. என்ஜின் சத்தமும் இருக்கையின் அதிர்வும்கூட நேற்று போலவே இருக்கும். பிடி பாதியாகிவிட்டது என்ற செய்தி ஓட்டுநரின் உடம்புக்குப் போய்ச் சேருவதே இல்லை. பிரேக்கை அழுத்துகிற அந்த நொடியில்தான் முதல் தடவையாக அது தெரியவரும்.

அந்த நொடியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரப்பருக்கும் காய்ந்த தாருக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.7 என்று வைத்துக்கொள்வோம். நனைந்த சாலையில், டயர் ஓரளவு தேய்ந்திருந்தால், 0.4. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் பதிய ஒன்றரை நொடி ஆகும் என்றால், 60 கி.மீ. வேகத்தில் அதற்குள்ளேயே 25 மீட்டர் ஓடிவிடும். அதன்பின் காய்ந்த சாலையில் 20 மீட்டரில் வண்டி நிற்கும். நனைந்த சாலையில் 35 மீட்டர் வேண்டும். வெறும் 15 மீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றலாம். ஆனால் காய்ந்த சாலையில் வண்டி நின்றிருக்கக்கூடிய அதே இடத்தை, மழை நாளில் அந்த வண்டி கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 39 கி.மீ. முன்னால் நிற்கும் ஆட்டோவின் மீது மோதும் வேகம் அதுதான். "பிரேக் பிடிக்கல சார்" என்று பிறகு அவர் சொல்வது பொய்யல்ல. பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும். வண்டியைப் பிடித்து நிறுத்துவது சாலை. ஏ.பி.எஸ். இருக்கிற வண்டிக்கும் இதே விதிதான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு, பிரேக் பிடிக்கும்போதே வண்டியைத் திருப்ப அது உதவும். சாலையில் இல்லாத பிடியை அது உண்டாக்கித் தராது.

டயர் தரையைத் தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். காரின் ஒரு டயர் தரையில் பதிந்திருக்கும் பரப்பு உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிது. நீளவாக்கில் சுமார் 15 செ.மீ. 80 கி.மீ. வேகத்தில் ரப்பரின் எந்தவொரு புள்ளியும் தரையோடு ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 7 பங்குதான். அதற்குள் அது மூன்று வேலை முடிக்க வேண்டும். தேங்கிய நீரை விலக்க வேண்டும். மிச்சமிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தைக் கிழிக்க வேண்டும். பிறகு கல்லின் சொரசொரப்பில் பதிந்து பிடிக்க வேண்டும். 185 மி.மீ. அகல டயர் 3 மி.மீ. நீரில் 80 கி.மீ. வேகத்தில் போனால் அதன் பாதையில் நொடிக்கு 12 லிட்டர் தண்ணீர் குறுக்கே வருகிறது. அவ்வளவும் டயரின் பள்ளங்கள் வழியாகவும் இரு பக்கமும் வெளியேறியாக வேண்டும். வெளியேறாத நீர் டயரின் முன்பகுதியில் ஆப்பு போல நுழைந்து அதைத் தூக்கத் தொடங்கும். வேகம் கூடக் கூட அந்த ஆப்பு பின்னோக்கி நகர்ந்து, கடைசியில் டயர் முழுவதும் நீரின் மேல் மிதக்கும். அதைத்தான் ஹைட்ரோபிளேனிங் என்கிறார்கள். அந்த நிலையில் ஸ்டீயரிங் திருப்பினாலும் பிரேக் மிதித்தாலும் பயன் இல்லை.

இதை அளந்து சொன்னவர்கள் விமானத்துறைக்காரர்கள். நனைந்த ஓடுபாதையில் விமானங்கள் வழுக்கியதை ஆராய்ந்த நாசாவின் லாங்லி மையத்தில் வால்டர் ஹார்னும் அவருடைய சகாக்களும் 1960-களின் தொடக்கத்தில் ஒரு எளிய சூத்திரத்தைக் கண்டார்கள். டயரின் பள்ளங்களால் வெளியேற்ற முடியாத அளவு நீர் தேங்கியிருந்தால், அது மிதக்கும் வேகத்தை ஏறக்குறைய டயரின் காற்றழுத்தமே முடிவு செய்கிறது. பி.எஸ்.ஐ. கணக்கில் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால் கி.மீ. கணக்கில் வேகம் கிடைக்கும். 33 காற்று இருந்தால் சுமார் 96 கி.மீ. அதுவே 25 ஆக இறங்கியிருந்தால் 83. இருபதுக்கு வந்துவிட்டால் 75.

இந்தச் சூத்திரத்தில் நம் சாலைகளுக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. பாரம் ஏறிய பஸ்ஸின் டயரில் காற்று 100 பி.எஸ்.ஐ. அளவிலும் அதற்கு மேலும் இருக்கும். அவ்வளவு அழுத்தத்தில் நீர் எளிதாக விலகிவிடும். அந்த பஸ் மிதக்க வேண்டுமானால் 160 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். "பஸ்ஸே போகுது, நாம போகக் கூடாதா?" என்று 28 காற்றோடு அதை விரட்டிப் போகிற காருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பஸ் போகிற வேகத்தை வைத்து மழைச் சாலையை எடைபோடுவது பெரிய தவறு.

தேய்மானம் இன்னொரு பக்கம். புது கார் டயரின் பள்ளம் சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும், சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு 1.6 மி.மீ. "பட்டன் போயிடுச்சு சார், மழைக்கு முன்னாடி மாத்திடுங்க" என்று டயர்க்கடைக்காரர் சொன்னால், வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்துத் தீபாவளி கழியட்டும் எனத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். கோடையில் அந்த டயர் ஒழுங்காகத்தான் ஓடும். மொட்டை டயரின் குறை தண்ணீரைக் கண்டால்தான் தெரியும். தீபாவளியோ வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் வருகிறது.

பெருமழையை விட முதல் மழை மோசமானது என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வார்கள். அது சரிதான். மாதக்கணக்கில் சாலையில் சிந்திய எண்ணெய், டயர் துகள், புழுதி எல்லாம் முதல் தூறலில் கூழாகக் குழைந்து வழவழப்பாகப் படிகிறது. நல்ல மழை அடித்துக் கழுவிய பிறகுதான் அது போகும். அமெரிக்க மாநிலங்களின் 1975 முதல் 2000 வரையிலான விபத்துப் பதிவுகளை ஆராய்ந்து டேனியல் ஐசன்பெர்க் 2004-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: கடைசி மழைக்குப் பிறகு எத்தனை நாள் வறண்டு கிடந்ததோ, அதற்கேற்ப மழை நாளின் விபத்து ஆபத்து கூடுகிறது. தூறல்தானே என்று விரைகிற இருசக்கர வாகனக்காரருக்கு இது கட்டாயம் போய்ச் சேர வேண்டிய செய்தி. வெள்ளைக் கோட்டின் பெயின்ட், மேன்ஹோல் மூடி, மேம்பாலத்தின் இரும்பு இணைப்புப் பட்டை என்று நனைந்தால் வழுக்குகிற எல்லாம் அவர் பாதையில்தான் கிடக்கின்றன.

கண்ணும் மழையில் முழுதாக நம்பத்தக்கதல்ல. 1998-இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்னோடனும் குழுவினரும் நேச்சர் இதழில் எழுதிய சிறு கட்டுரை ஒன்று பிரபலமானது. காட்சி முழுவதும் ஒரே சீராக மங்கினால் நாம் மெதுவாகப் போவதுபோல மூளை எண்ணிக்கொள்கிறது. அதனால் வேகத்தைக் கூட்டிவிடுகிறோம் என்றார்கள். 2012-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் இதைத் திருத்தினார்கள். உண்மையான மூடுபனியில் கிட்டத்தில் இருப்பது தெளிவாகவும் தூரத்தில் இருப்பது மங்கலாகவும் தெரியும். அப்படிக் காட்டினால் மக்கள் வேகத்தைக் குறைக்கவே செய்கிறார்கள் என்று கண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தேய்ந்துபோன வைப்பர் ரப்பரும் உள்ளே ஆவி படிந்த கண்ணாடியும் ஏன் அவ்வளவு கெடுதல் என்று எனக்குப் புரிகிறது. அவை காட்சி முழுவதையும் ஒரே சீராக மங்கச் செய்கின்றன. ஏ.சி.யைப் போட்டுக் கண்ணாடியை உலர்த்துவதற்கு இந்தக் காரணம் ஒன்றே போதும்.

இரவில் நிலைமை இன்னும் கடினம். காய்ந்த தார்ச்சாலை சொரசொரப்பானது. நம் ஹெட்லைட் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், கொஞ்சம் நம் கண்ணுக்கும் திரும்பி வரும். நனைந்த சாலை கண்ணாடியாகிவிடுகிறது. நம் வெளிச்சம் முன்னோக்கித் தெறித்துப் போய்விட, எதிரே வருகிறவரின் விளக்கு நேராக ஒரு தடவையும் தரையில் பட்டு இன்னொரு தடவையும் நம் கண்ணில் அடிக்கிறது. கோடுகளின் பெயின்டில் தூவியிருக்கும் கண்ணாடி மணிகள்தான் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அவற்றின் மேல் நீர் நின்றால் கோடே காணாமல் போய்விடும். இந்த நேரத்தில் பிரைட் போடுகிறவர் எதிரே வருகிறவரின் பார்வையைக் கெடுப்பதோடு தன் பார்வையையும் கெடுத்துக்கொள்கிறார். மழைத்துளிகள் அந்த வெளிச்சத்தை வாங்கி அவர் முகத்திலேயே திருப்பி வீசுகின்றன.

நான்கு இண்டிகேட்டரையும் போட்டபடி ஓட்டும் பழக்கம் நல்ல எண்ணத்தில் வந்தது. ஆனால் விட்டுவிட வேண்டிய பழக்கம். அது நின்றுபோன வண்டிக்கான விளக்கு. பெரும்பாலான கார்களில் அது எரியும்போது திரும்புவதற்கு சைகை காட்ட முடியாது. ஹெட்லைட்டை டிம்மில் போட்டாலே பின்விளக்கும் சேர்ந்து எரியும், அது போதும். மேம்பாலத்துக்கு அடியில் மழைக்கு ஒதுங்கும் பைக்காரர்களைத் திட்டுவதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. தலைக்கு மேல் கூரை உள்ளவர் இல்லாதவரைத் திட்டுவது அது. சாலையை அடைக்காமல் ஒதுங்கி நிற்க அங்கே இடம் அமைத்துத் தருவதுதான் அரசின் வேலை.

சாலைக்கும் இதில் பங்குண்டு. தார்ச்சாலை நடுவிலிருந்து ஓரத்துக்கு நூற்றுக்கு இரண்டு, இரண்டரை என்ற கணக்கில் சரிய வேண்டும். மூன்றரை மீட்டர் அகலப் பாதைக்கு இது சுமார் 7 முதல் 9 செ.மீ. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் இந்தச் சரிவு கெட்டு, தண்ணீர் சக்கரத் தடத்திலேயே நிற்கிறது. நெதர்லாந்தின் விரைவுச் சாலைகளில் பெரும்பகுதி நுண்துளைத் தாரால் ஆனது. பெய்த நீர் உள்ளேயே இறங்கி ஓரத்துக்கு வடிந்துவிடுவதால் முன்னால் போகும் லாரி எழுப்பும் நீர்ப்புகையும் வெகுவாகக் குறைகிறது. புழுதி அதிகமுள்ள ஊரில் அந்தத் துளைகள் அடைத்துக்கொள்ளும். நமக்கு உடனடியாகத் தேவை ஒழுங்கான சரிவும் அடைப்பில்லாத வடிகாலும்.

மற்றவர்கள் திருந்தும் வரை என்ன செய்வது? 1981-இல் ஓலா ஸ்வென்சன் என்ற ஸ்வீடன் உளவியலாளர் அமெரிக்க, ஸ்வீடிஷ் ஓட்டுநர்களிடம் தங்கள் திறமையை மதிப்பிடச் சொன்னார். அமெரிக்கர்களில் 93 சதவீதம் பேர், ஸ்வீடன்காரர்களில் 69 சதவீதம் பேர் தங்களை நடுநிலைக்கு மேலான ஓட்டுநர்களாகச் சொன்னார்கள். அதனால், நமக்குப் பின்னால் முட்டிக்கொண்டு வருகிறவர் தன்னைக் கெட்டிக்கார ஓட்டுநர் என்று நம்பிக்கொண்டுதான் வருகிறார். ஹாரனாலோ முறைப்பாலோ அந்த நம்பிக்கையை அசைக்க முடியாது.

நம் கையில் இருப்பது முன்னால் உள்ள இடைவெளி. காய்ந்த சாலையில் இரண்டு நொடி, மழையில் அதற்கு இரு மடங்கு என்பது பிரிட்டனின் சாலை விதிநூல் சொல்லும் கணக்கு. முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்கி, நாம் அதைத் தாண்ட நான்கு நொடி ஆக வேண்டும். "அவ்வளவு இடம் விட்டா எல்லாரும் உள்ள நுழைஞ்சிடுவாங்களே" என்பார்கள். நுழையட்டும். ஒவ்வொரு முறையும் பின்வாங்கி மறுபடி நான்கு நொடி விட்டாலும், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போவதற்குள் இருபது பேர் நுழைந்தால் நாம் இழப்பது 80 நொடி.

அந்த இடைவெளியால் பின்னால் ஒட்டி வருகிறவருக்கும் பயன் உண்டு. முன்னால் இடம் இல்லாதபோது 60 கி.மீ. வேகத்திலிருந்து முழுப் பிரேக்கில் நாலே கால் நொடியில் நிற்க வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில் பின்வண்டி நம்மேல்தான் வந்து ஏறும். 67 மீட்டர் இருந்தால், முன்வண்டி திடீரென்று பிரேக் போட்டாலும், பாதி அழுத்தத்தில் எட்டரை நொடி எடுத்து நின்றுகொள்ளலாம். பிரேக் விளக்கும் முன்கூட்டியே எரியத் தொடங்கிவிடும். அவர் விட்டிருக்க வேண்டிய நேரத்தில் பாதியை நாம் அவருக்காக எடுத்துவைத்திருக்கிறோம். அது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.