மேல் மாடியில் மீன் தொட்டி, கீழ் அறையில் சம்ப்: பைப் போட முன் ஒரு கணக்கு

எனக்கு மீன் வளர்ப்பில் பெரிய ஆர்வம் எதுவும் கிடையாது. கல்முனையில் ஹாட்வெயார் கடை நடத்துகிறேன், பைப்பும் மோட்டரும் விற்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அண்மைக் காலமாக புடைவைக் கடை, நகைக் கடை, ஹோட்டல் வைத்திருக்கும் முதலாளிமார் வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "காக்கா, ஷோரூமில பெரிய மீன் தொட்டி ஒன்டு வைக்கப் போறன். மோட்டர், பில்டர் ஒன்டும் கண்ணுக்குத் தெரியக் கூடா. கீழ வைக்க ஏலுமா?"

ஏலும். டோஹாவிலும் துபாயிலும் வேலை செய்து வந்த தம்பிமார் இதைப் பார்த்திருப்பார்கள். தொட்டி மேலே வரவேற்பறையில் இருக்கும், அழுக்கை வடிக்கும் சம்ப் தொட்டி நிலத்துக்குக் கீழே உள்ள அறையில் இருக்கும். சத்தமும் இல்லை, ஈரமும் இல்லை. நமது கரையில் அப்படி நிலத்தடி அறை எடுப்பது வீண் செலவு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயலும் களப்பும், நடுவில் மணல். மாரி மழை தொடங்கினால் கிணற்றுத் தண்ணீர் கையால் அள்ளும் அளவுக்கு வந்து விடுகிறது. குழி வெட்டி பிளாஸ்டிக் தாங்கியை வெறுமையாக இறக்கினால் அதுவே மேலே மிதந்து வரும். ஆகவே நமக்குப் பொருந்துவது மேல் மாடியில் தொட்டி, கீழ் ஸ்டோர் அறையில் சம்ப். கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

இந்தக் கணக்கை நான் படித்த விதம் அவ்வளவு கௌரவமானது அல்ல. புடைவைக் கடை ஹாஜியார் ஒருவருக்கு 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி. 24 கன அடி, அதாவது சுமார் 680 லீற்றர். தண்ணீரும் 12 மில்லிமீற்றர் கண்ணாடியும் மட்டுமே 800 கிலோ. அதனால் முதலில் மேசனைக் கூப்பிட்டு பீம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அதன் மேல் சுவரோரமாக ஸ்டான்டை வைத்தோம். அது ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்தோம் என்று சொல்ல வேண்டும்.

மோட்டரில் முதல் அடி விழுந்தது. பெட்டியில் மணிக்கு 4000 லீற்றர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது, நானும் அதைப் பார்த்தே கொடுத்தேன். பிளக்கைப் போட்டதும் சம்பில் மோட்டர் ஓடுகிறது, மேலே ஒரு சொட்டும் வரவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் ஆகக் கூடிய உயரம் 4 மீற்றர் என்று இருந்தது. 4000 லீற்றர் என்பது உயரமே இல்லாத இடத்துக் கணக்கு. உயரம் ஏற ஏற அது குறைந்து, 4 மீற்றரில் பூச்சியமாகி விடும். எங்கள் சம்பின் தண்ணீர் மட்டத்திலிருந்து மேல் தொட்டியின் விளிம்பு வரை 15 அடி, நாலரை மீற்றர். எல்போவுக்கும் பைப்பின் உராய்வுக்கும் இன்னும் மூன்று நான்கு அடியைச் சேர்க்க வேண்டும். ஆக, ஐந்தரை மீற்றர் உயரத்தில் எத்தனை லீற்றர் தரும் என்பதே மோட்டர் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி. கம்பனிக்காரர் அதற்கான வரைபடம் தருவார்கள். தராத மோட்டரை இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

தொட்டித் தண்ணீர் மணிக்கு நான்கு தடவை சுற்றினால் நல்லது என்று வைத்தால் 2700 லீற்றர் தேவை. அவ்வளவை அந்த உயரத்துக்கு ஏற்ற, சிறிய மோட்டர்களின் திறனுக்கு ஏறக்குறைய 120 வாட் போகும். வீட்டுத் தண்ணீர் மோட்டர் தாங்கி நிரம்பியதும் நின்று விடும். இது 24 மணி நேரமும் ஓட வேண்டும். மாதம் 86 யுனிட். சம்பைத் தொட்டிக்கு அடியிலேயே ஸ்டான்டுக்குள் வைத்தால் 30 யுனிட் அளவில் முடிந்து விடும். கீழ் அறையில் வைக்கும் அழகுக்கு மாதா மாதம் 50க்கும் மேற்பட்ட யுனிட் வாடகை. 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று மின் கட்டணம் ஏறியதை வியாபாரிகளுக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. அதன்பிறகு இறங்கியும் ஏறியும் வருகிறது. இந்தச் செலவைச் சொல்லாமல் நான் இப்போது யாருக்கும் பைப் விற்பதில்லை. ஒருவர் கேட்டு விட்டுத் திரும்பிப் போனார், போகட்டும்.

இரண்டாவது அடிதான் பெரியது. புதிய மோட்டர் போட்டு ஒரு கிழமை, எல்லாம் சரி. ஒரு நாள் அஸருக்குப் பிறகு கரண்ட் போனது. ஏறும் பைப்பின் வாயை நான் தண்ணீருக்குள் ஒன்பது அங்குலம் ஆழத்தில் வைத்திருந்தேன், சத்தம் வராது என்று. மோட்டர் நின்றதும் அந்தப் பைப்பே திரும்பி உறிஞ்சிக் கீழே இறக்கத் தொடங்கி விட்டது. இந்தத் தொட்டியில் ஒரு அங்குலத் தண்ணீர் என்பது ஒரு கன அடி, 28 லீற்றர். ஒன்பது அங்குலத்துக்கு 250 லீற்றருக்கும் மேல். சம்பில் மிச்சமிருந்த இடம் 140 லீற்றர். மீதி ஸ்டோர் தரையில். அங்கே அடுக்கி வைத்திருந்தவை மருதமுனைக் கைத்தறிச் சாரன் கட்டுகள்.

ஹாஜியார் என்னை ஏசவில்லை. "தம்பி, கரண்ட் போறது நமக்குப் புதினமா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு உப மின்நிலையத்தில் பட்டு நாடு முழுவதும் இருண்டதே. நானோ மோட்டர் ஓடும் நேரத்துக்கு மட்டும் திட்டம் போட்டிருந்தேன்.

இப்போது ஏறும் பைப்பின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழேதான். அதற்கு மேலே, மட்டத்தை ஒட்டி ஒரு சிறிய துளை. கரண்ட் போனால் துளை வழியே காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்து விடும். பாசி அடைக்கும், ஆகவே கிழமைக்கு ஒரு தரம் குத்தி விட வேண்டும். தண்ணீரைத் திரும்ப விடாத வால்வ் போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அதற்குள் ஒரு தூசு சிக்கினால் போதும், மூடாது. அதை நம்பி மட்டும் சம்பைச் சின்னதாக்க வேண்டாம். இப்போது மோட்டர் நின்றால் இறங்குவது, பைப்புக்குள் இருப்பதையும் சேர்த்து 75 லீற்றருக்குள்.

இறங்கும் பைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒன்று எப்போதும் ஓடுவது. மற்றது சற்று உயரத்தில் வாய் வைத்து வெறுமையாக நிற்பது. முதல் பைப்பில் இலையோ செத்த மீனோ அடைத்தால், இரண்டாவது காப்பாற்றும். அந்த இரண்டாவதில் வால்வ் எதுவும் போடக் கூடாது. படுக்கையாக ஓடும் இடத்தில் அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். செங்குத்து எல்போவுக்குப் பதிலாக 45 பாகை வளைவு போட்டால் குமுறல் சத்தம் குறையும். மோட்டருக்குப் பக்கத்தில் யூனியன் வையுங்கள், கழுவும்போது பைப்பை அறுக்காமல் கழற்றலாம்.

கடல் மீன் வளர்க்க விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. பித்தளை வால்வோ செம்புப் பொருத்துகளோ வேண்டாம். செம்பு தண்ணீரில் கரைந்தால் இறாலும் பவளமும் தாங்காது. எல்லாம் பிளாஸ்டிக்கில் போடுங்கள். இன்னொன்று, ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். அதனால் குறைவதற்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

மேல் தொட்டியில் தண்ணீர் குறைவதே தெரியாது. குறைவதெல்லாம் கீழே சம்பில்தான், யாரும் பார்க்காத அறையில். கவனிக்காமல் விட்டால் மோட்டர் காற்றைக் குடித்து எரிந்து விடும். மிதவை வால்வை நேராகக் குழாய்த் தண்ணீருக்குக் கொடுக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அது ஒரு நாள் சிக்கிக் கொண்டால் மறுபடி சாரன் கட்டுகள்தான்.

ஹாஜியாரின் சம்பில் இரண்டு கோடுகள் சிவப்புப் பெயின்டில் போட்டிருக்கிறோம். மோட்டர் ஓடும்போது தண்ணீர் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது, கீழ்க் கோட்டுக்கு இறங்கக் கூடாது. காலையில் கடை திறக்கும் பையன் இரண்டு வாளி ஊற்றுகிறான். மீன் விடுவதற்கு முன் வெறும் தண்ணீரில் ஓட விட்டு, மெயின் ஸ்விட்சை ஐந்து தரம் போட்டு நிறுத்திப் பார்த்தோம். ஐந்தாவது தரம் ஹாஜியாரே நிறுத்தினார். தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. சாரன் கட்டுகளை எதற்கும் பலகை மேல் ஏற்றி வைக்கச் சொல்லி விட்டு வந்தேன்.