ரெட் லாப்ஸ்டரை வீழ்த்தியது இறாலா, வாடகையா?

அமெரிக்காவின் ரெட் லாப்ஸ்டர் உணவகங்கள் திவால் நீதிமன்றத்தின் பாதுகாப்பிலிருந்து 2024 செப்டம்பரில் வெளியேறிய சமயம், "இருபது டாலருக்கு வயிறு கொண்ட மட்டும் இறால் போட்டே ஒரு கம்பெனி அழிந்துபோகுமா?" என்று கேட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்கள் என் மேஜையின்மேல் சேர்ந்துகொண்டே இருந்தன. திவால் சட்டத்தின் பாலபாடங்களை விட்டுவிட்டு, அக்கடிதங்களில் ஒன்றிலும் இடம்பெறாத ஒரு விஷயத்திற்கு நேரே செல்கிறேன். அது அந்தக் கடைகள் நின்ற மனைகளைப் பற்றியது.

1968-ல் ஃபிளாரிடாவின் லேக்லண்டில் பில் டார்டன் தொடங்கிய இந்த ஸ்தாபனம், கடலை விட்டு வெகுதூரத்தில் வாழ்ந்த சாதாரணக் குடும்பங்களும் மீனையும் சிங்கி இறாலையும் கட்டுப்படியான விலையில் உட்கார்ந்து உண்ண வழிசெய்தது. 1970-ல் ஜெனரல் மில்ஸ் இதை வாங்கி நாடெங்கும் பரப்பிற்று. 1995 முதல் டார்டன் ரெஸ்டாரண்ட்ஸ் என்ற தனிக் கம்பெனியின் கீழ் வந்தது. கேட்ட பண்டம் வருமுன்னே, பாலாடைக்கட்டியும் பூண்டும் மணக்கச் சுடச்சுட மேஜைக்கு வரும் செடார் பே பிஸ்கட்டுக்காகவே அங்கே போனவர்கள் எத்தனையோ பேர்.

2014-ல் டார்டன் இதைக் கோல்டன் கேட் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்திற்கு 210 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியவர் அந்தத் தொகைக்கு எங்கே போனார் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சுமார் 500 கடைகளின் மனைகளையும் கட்டடங்களையும் அமெரிக்கன் ரியால்டி கேபிடல் பிராபர்ட்டீஸ் என்ற நிலக் கம்பெனிக்கு 150 கோடி டாலருக்குக் கைமாற்றி, கிரயத்தின் பெரும்பகுதியை அவ்வாறே தீர்த்தார். நம் ஊரில் ஒருவர் தென்னந்தோப்பை விலைபேசி, பத்திரம் பதிவாகும் அன்றைக்கே அதன் மண்ணை மட்டும் மூன்றாமவருக்கு விற்று, வந்த பணத்தைக்கொண்டே தோப்புக்காரருக்குப் பாக்கி தீர்த்துவிட்டு, அன்றுமுதல் அந்த மரங்கள் காய்க்கும் காயிலிருந்து மண்ணுக்கு வாடகை செலுத்தச் செய்வாரேயானால் அது எப்படியோ அப்படியே இதுவும். வாங்கியவருக்குக் கைமுதல் குறைந்தது. சுமையெல்லாம் கடையின் தலையில் ஏறிற்று. முடங்கிக்கிடக்கும் மதிப்பை வெளிக்கொணர்வது என்று நிதி நிபுணர்கள் இதற்கு விளக்கம் தருகிறார்கள். வெளிவந்த மதிப்பு அடுப்படிக்கும் பரிமாறுபவருக்கும் போய்ச் சேரவில்லையாதலால், அந்த விளக்கத்தை நான் ஏற்பதற்கில்லை.

குத்தகையின் ஷரத்துகளும் கடினமானவை. வரி, காப்பீடு, பராமரிப்பு யாவும் குத்தகைக்காரர் பொறுப்பு. வாடகையோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஏறிக்கொண்டே போகும், அதாவது தொடக்கத்தில் 100 டாலராக இருந்தது பத்தாண்டில் ஏறக்குறைய 122 ஆகிவிடும், வாடிக்கையாளர் கூடினாலும் குறைந்தாலும் அதற்குக் கணக்கில்லை. சொந்த மனையில் இருக்கும் கடைக்காரர் ஒரு கெட்ட வருஷத்தை வாடகைக் கவலையின்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிடலாம். அந்த ஆசுவாசம் ரெட் லாப்ஸ்டருக்கு 2014-க்குப் பிறகு இல்லாமற் போயிற்று.

இனி இறாலுக்கு வருவோம். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் நடந்துவந்த 'முடிவற்ற இறால்' விருந்தை 2023-ல் நிரந்தரமாக்கியதால் வந்த நஷ்டம் 1.1 கோடி டாலர் என்று 2024 மே மாதம் தாக்கலான திவால் மனு கூறுகிறது. அதே மனுவில், 2023-ல் செலுத்திய வாடகை 19 கோடி டாலருக்கு மேல் என்றும், அதில் 6.4 கோடிக்கு மேற்பட்ட தொகை சரிவர ஓடாத கடைகளுக்கே போயிற்று என்றும் எழுதியிருக்கிறது. அவ்வாண்டின் மொத்த நஷ்டம் 7.6 கோடி டாலர். ஓடாத கடைகளின் வாடகை ஒன்றே இந்த நஷ்டத்தின் பெரும்பகுதிக்குச் சமமாய் நிற்க, பத்திரிகைகளின் தலைப்பில் இறால் மட்டும் ஏறியது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆயினும், பழி முழுவதையும் வாடகையின்மேல் போடுவது நியாயமாகாது. 2019-ஐவிடக் கடைக்கு வருவோர் தொகை ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. கூலியும் சரக்கும் விலையேறின. நிர்வாகத் தலைமையும் அடிக்கடி மாறிற்று. ஆனால் இத்தகைய கஷ்டகாலத்தைத் தாங்கக்கூடிய ஒரே சேமிப்பு அந்த மனைகளே.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல முடியும். தாய் யூனியனின் பங்கு என்ன? கம்பெனிக்கு இறால் விற்பவராகவும், கோல்டன் கேட்டுக்குப் பின் அதன் உரிமையாளராகவும் ஒருசேர இருந்த அந்தத் தாய்லாந்து நிறுவனத்தின் செல்வாக்கு கொள்முதலில் எவ்வளவு என்பதை விசாரிப்பதாக மனு சொன்னது. புதிய உரிமையாளர் யார்? ஃபோர்ட்ரெஸ் நிறுவனம் உள்ளிட்ட கடன் கொடுத்தோர் குழு. 2024-ல் தலைமை ஏற்றவர்? டமோலா அடமோலெகுன். அப்போது எத்தனை கடைகள் மிஞ்சின? 544.

மூடிய கடைகளை ஏலம் விட்டார்களே, என்ன கிடைத்தது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 2024 மே மாதத்தில் ஒவ்வொரு கடையையும் ஒரே உருப்படியாக இணையத்தில் ஏலம் கூறினார்கள். வென்றவர் அடுப்பு, குளிர்பெட்டி, மேஜை நாற்காலி, சிங்கி இறாலை உயிரோடு விட்டுவைக்கும் கண்ணாடித் தொட்டி என்று உள்ளே இருந்த அனைத்தையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மனை அந்தப் பட்டியலில் இல்லை.