கேமராவுக்குள்ளே ஒரு ஆர்மோனியம்

கருப்புத் துணிக்குள் தலையை விட்டேன். லென்ஸ் துளையை அடைத்தாயிற்று. உள்ளே கும்மிருட்டாக இருக்க வேண்டும். இருந்ததோ நட்சத்திரம் பூத்த வானம்! துருத்தியின் மடிப்பு மூலைகளில் எல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம். எண்ணத் தொடங்கி நாற்பதோடு விட்டுவிட்டேன்.

மதுரையில் ஒரு பழைய ஸ்டூடியோவைக் காலி செய்தபோது என் கைக்கு வந்த பெட்டி. மரம், பித்தளை, நடுவே கருப்புத் துருத்தி. 6½-க்கு 8½ அங்குலம், ஃபுல் பிளேட்டு. முகப்பில் வாகீஸ்வரி, ஆலப்புழை என்று பெயர். பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடி உடைந்து போயிருந்தது, லென்ஸைத் திருகி மாட்டும் பித்தளை வளையம் காணோம், துருத்தியின் லட்சணம்தான் மேலே சொன்னேனே. ஸ்பேர் கேட்டு கேமரா கடைக்குப் போனால், பையன் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மெமரி கார்டு எங்க சார் போடுறது?" என்றான்.

அப்போதுதான் வாகீஸ்வரியின் பிறப்பு நினைவுக்கு வந்தது. 1940-களில் ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் குடும்பத் தொழிலாக இசைக்கருவிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். துருத்தி கிழிந்த கேமராவோடு ஒரு போட்டோகிராபர் அவரிடம் வந்து நின்றார். ஆர்மோனியத்துக்குத் துருத்தி கட்டுகிறவருக்கு இது என்ன பிரமாதம்? கட்டிக் கொடுத்தார். பிறகு முழு கேமராவையே செய்துவிட்டார்! ஊர் ஊராக ஸ்டூடியோக்களில் முக்காலி போட்டு நின்ற வாகீஸ்வரி கேமரா இப்படித்தான் பிறந்தது. அப்படியானால் நான் தட்ட வேண்டிய கதவு எது? எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கு ஆர்மோனியம் சரி பண்ணித் தரும் பெரியவரிடம்.

பங்குனி நெருங்கும் நேரம். ஊர்த் திருவிழா நாடகங்களுக்காகக் கடை முழுக்க ஆர்மோனியங்கள் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தன. பெரியவர் என் பெட்டியின் துருத்தியை இரண்டு தரம் இழுத்துச் சுருக்கினார்.

"இதுல சத்தம் வராதா தம்பி?"

"வராதுங்கய்யா. இது கேமரா."

"சரித்தான். எங்களுக்குக் காத்து வெளிய போகக் கூடாது, உங்களுக்கு வெளிச்சம் உள்ள வரக் கூடாது. அம்புட்டுத்தான?"

அம்புட்டுத்தான்! பழைய துருத்தியை ஒட்டுப்பிரித்துத் தரையில் விரித்தபோது எனக்கு மூச்சே நின்றது. உள்ளே மெல்லிய கருப்புத் துணி, வெளியே மெல்லிய ரெக்ஸின், இரண்டுக்கும் நடுவே வரிசை வரிசையாக அட்டைப் பட்டைகள். பட்டைக்கும் பட்டைக்கும் இடையே நூலிழை போல ஓர் இடைவெளி. மடிப்பு விழுவது அந்த இடத்தில். மூலைகளில் பட்டையைச் சாய்வாக நறுக்கியிருந்தார்கள். அந்தச் சாய்வு இல்லாவிட்டால் துருத்தி மடியாது, முரண்டு பிடிக்கும். பெரியவர் புதுப் பட்டைகளுக்கு எடுத்த அட்டை எது தெரியுமா? போன தை மாதத்துக் கல்யாணப் பத்திரிகைகள். என் கேமராவுக்குள் யாரோ மூன்று ஜோடிகளின் முகூர்த்த நேரம் இருக்கிறது.

மடிப்பதற்கு ஒரு முழுச் சாயங்காலம். ஒவ்வொரு மடிப்பாக விரலால் கிள்ளிக் கிள்ளி வந்தார். எதிரெதிர்ப் பக்கங்கள் உள்ளே போகும்போது மற்ற இரண்டும் வெளியே வர வேண்டும். ஒரு மூலை தப்பினால் பின்னால் எல்லாம் தப்பு. முடித்து, அம்மிக்கல்லை மேலே ஏற்றி இரவு முழுக்க அமுக்கி வைத்தோம். மறுநாள் இருட்டறையில் உள்ளே டார்ச்சைப் போட்டுச் சுற்றி வந்தேன். ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

கண்ணாடி வேலை என் பங்கு. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே கார்போரண்டம் தூளும் தண்ணீரும் விட்டு வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். தூளுக்குப் பதில், தெருமுனை பைக் மெக்கானிக் தந்த வால்வு தேய்க்கும் பேஸ்ட்டை அப்பினேன். கண்ணாடி கற்கண்டு மாதிரி ஆகிவிட்டது! பிறகு 600-ஆம் நம்பர் தூளைத் தேடி வாங்கினேன். முதலில் கரகரவென்று பல் கூசும்; அரை மணி நேரத்தில் அந்தச் சத்தம் மெல்ல மெல்ல உஸ்ஸென்று அடங்கும். காது சொல்லும், போதும் என்று. நான்கு மூலைகளையும் சிறிது வெட்டிவிட்டேன். துருத்தியைச் சுருக்கும்போது காற்று போக வழி வேண்டுமே.

ஆனந்தத்தில் கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேய்த்த முகம் லென்ஸைப் பார்க்க வேண்டும். என்னுடையது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2 மில்லிமீட்டர் கண்ணாடி, அந்தக் கனத்துக்கு ஃபோகஸ் காலி. அப்படியே படம் எடுத்திருந்தால், திரையில் பளிச்சென்று இருக்கும் முகமெல்லாம் படத்தில் பஞ்சுமிட்டாய் ஆகியிருக்கும்.

பித்தளை வளையத்துக்கு லேத்துப் பட்டறை. லென்ஸைக் கையில் கொடுத்ததும் அதன் மரையில் மரை அளவியை வைத்துப் பார்த்த மேஸ்திரி, "இது மில்லிமீட்டர் மரை இல்ல சார், இஞ்சு" என்றார். ஒரு மணி நேரத்தில் முடித்தார். லென்ஸ் வெண்ணெய் போலத் திருகி உட்கார்ந்தது. அவர் டீக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

முதல் படம் யாரை எடுப்பது என்று யோசிக்கவே இல்லை. தகட்டுக்குப் பதில் போட்டோ பேப்பரையே வெட்டி வைத்தேன். அது மந்தமான சரக்கு, நிழலில் 8 வினாடி கேட்டது. லென்ஸ் மூடிதான் ஷட்டர். பெரியவர் ஆர்மோனியத்தின் முன் சம்மணமிட்டார். "அசையாதீங்கய்யா" என்று மூடியைக் கழற்றி எண்ணினேன்.

சிவப்பு விளக்கின் கீழ் படம் மெதுவாக எழுந்து வந்தது. கருப்பு வெள்ளை மாறிய அந்த நெகட்டிவை நேராக்கிப் பிரதி போட்டு எடுத்துப் போனேன். முகம், மூக்குக்கண்ணாடி, ஆர்மோனியக் கட்டைகள் எல்லாம் கூர்மை. பழக்கதோஷத்தில் துருத்தியை அசைத்துக்கொண்டே இருந்த இடது கை மட்டும் புகையாகக் கரைந்திருந்தது.

பெரியவர் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"எல்லாம் சரிதான் தம்பி. கை எங்க?"