பூட்டிய வீட்டைத் திறத்தல்

சாவி தொலைந்தோ வீட்டுக்குள் சிக்கியோ வெளியே நிற்க நேர்ந்தவர், வீட்டுக்கும் அதிலுள்ள பொருள்களுக்கும் கூடியவரை சேதம் இல்லாமல் மீண்டும் உள்ளே செல்வதைப் பற்றியது இக்கட்டுரை. பூட்டுக்கு உரிமையாளர் யார், திருடர் யார் என்று தெரியாது; பொருந்தும் சாவி எது என்பது மட்டுமே தெரியும். ஆகவே திருடரைத் தடுக்கும் அதே பொறி உரியவரையும் தடுக்கிறது. அப்போது பதற்றத்தில் எடுக்கும் முடிவு, பூட்டின் விலையைவிடப் பல மடங்கு இழப்பைத் தந்துவிடக்கூடும்.

'பூட்டு' தமிழ்ச் சொல். 'சாவி' போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. அதற்குரிய தமிழ்ச் சொல் 'திறவுகோல்' ஆகும்.

பூட்டு இயங்கும் விதம்

வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வகைப் பூட்டுகள் பயன்படுகின்றன.

லீவர் பூட்டு: இதனுள் லீவர் எனப்படும் உலோகத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். உயரம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பூட்டு திறக்காது. இம்முறைக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் பாரன் 1778-இல் காப்புரிமை பெற்றார்.

பின் பூட்டு: இதில் சிறு உலோக ஊசிகள் இணை இணையாக இருக்கும். சரியான சாவி நுழைந்தால்தான் ஊசிகள் ஒரே கோட்டில் நின்று, உருளை சுழல இடம் கொடுக்கும். பண்டைய எகிப்தின் மரப்பூட்டுகளிலும் இந்த அடிப்படையே இருந்தது. அமெரிக்காவின் லைனஸ் யேல் 1860-களில் இதை இன்றைய உலோக வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

தமிழ்நாட்டில் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் திண்டுக்கல். மாங்காய் வடிவிலான மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பும்போது மணியடிக்கும் மணிப்பூட்டு முதலியவை அங்கே கைவேலையாகச் செய்யப்படுகின்றன. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

சாவியில்லாமல் நல்ல பூட்டைத் திறப்பது எளிதன்று. இலண்டனில் பிராமா நிறுவனம் தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு அறிவித்திருந்தது. 1851-இல் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்தார். அதற்கு அவருக்கு 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது. கைதேர்ந்தவருக்கே இந்த நிலை என்றால், கொண்டை ஊசியும் கம்பியும் கொண்டு பூட்டைக் குடைவது பெரும்பாலும் பூட்டைக் கெடுப்பதில்தான் முடியும்.

முதலில் கவனிக்க வேண்டியது

உள்ளே ஆபத்து உண்டா என்பதே முதல் கேள்வி. அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலோ, குழந்தையோ முதியவரோ தனியாக உள்ளே இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையை 101 என்ற எண்ணிலும், அவசர உதவியை 112 என்ற எண்ணிலும் அழைக்கலாம். குழந்தை உள்ளே இருந்தால், ஒருவர் ஜன்னல் அருகே நின்று அமைதியாகப் பேச்சுக் கொடுக்க வேண்டும். கதவை ஓங்கித் தட்டினால் குழந்தை மிரண்டு, தாழ்ப்பாளை நீக்கச் சொன்னாலும் செய்யாது.

சமையல் எரிவாயு வாடை வந்தால் அழைப்பு மணியை அழுத்தக் கூடாது. அதில் எழும் சிறு பொறியே தீப்பிடிக்கப் போதும். வீட்டைவிட்டுத் தள்ளி நின்றே கைபேசியில் பேச வேண்டும். எரிவாயுக் கசிவுக்கான உதவி எண் 1906. உயிருக்கு ஆபத்து என்றால் கதவை உடைப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

ஆபத்து இல்லையென்றால் அவசரமும் இல்லை. வீட்டிலுள்ள மற்றவரிடம் சாவி இருக்கிறதா, பின்கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வழியை நாட வேண்டும்.

மூன்று நிலைகள்

1. வெளியே தொங்கு பூட்டு, சாவி தொலைந்தது: பூட்டின் வளையத்தை அறுப்பதே பெரும்பாலும் குறைந்த செலவு. இழப்பு ஒரு பூட்டோடு முடியும். கடப்பாரையால் நெம்பினால் நாதாங்கியோடு கதவுச் சட்டமும் பிளக்கும்.

2. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது, சாவி உள்ளே: இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் கதவுகளில் இது நேரும். சாவி செய்பவரை அழைப்பது நல்லது.

3. சாவி இருந்தும் கதவு திறக்கவில்லை: மழைக்காலத்தில் மரம் ஊறிப் பருத்துக் கதவு இறுகியிருக்கலாம். கதவைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தும், பிறகு மெல்லத் தள்ளியும் சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பலத்தைக் காட்டினால் சாவி உள்ளேயே முறியும். முறிந்த துண்டின் முனை வெளியே தெரிந்தால் சிறு இடுக்கியால் இழுக்கலாம். இன்னொரு சாவியை விட்டு உள்ளே தள்ளக் கூடாது.

நெசவு வீடுகளில்

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு போன்ற பட்டு நெசவு ஊர்களில் வீடே தொழிற்கூடம். தறியில் ஏற்றிய பாவும், பட்டும் சரிகையும் பல சமயம் நெசவாளருக்குச் சொந்தமானவை அல்ல; கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ கூலி நெசவுக்குக் கொடுத்தவை. எனவே அவசரத்தில் பாவு கெட்டால், சில நாள் உழைப்பு வீணாவதோடு பிறர் பொருளுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஓட்டு வீட்டில் ஓட்டைப் பிரித்து இறங்குவது எளிய வழிபோலத் தோன்றும். ஆனால் பழைய ஓட்டின் தூசியும் ஒட்டடையும் நேரே பாவின் மீது விழும். ஏறியவர் தவறித் தறிமேல் விழுந்தால் இழைகள் அறும், அவருக்கும் அடிபடும். தறி அருகே உள்ள ஜன்னல் கம்பியை மின் அறுவை இயந்திரத்தால் அறுத்தால், தெறிக்கும் தீப்பொறி பட்டைப் பொசுக்கும். ஆகவே தறி எங்கே இருக்கிறது என்பதை வேலை செய்பவரிடம் முதலிலேயே சொல்லி, அதற்கு எட்டத்தில் உள்ள கதவையே திறக்க வேண்டும்.

சாவி செய்பவரை அழைக்கும்போது

கூலியை முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். அக்கம்பக்கத்தார் ஒருவரை உடன் நிறுத்திக்கொண்டால், திருடர் என்று யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். முகவரிச் சான்று கேட்கும் தொழிலாளியிடம் கோபப்படக் கூடாது. அவர் கேட்பது அந்த வீட்டின் பாதுகாப்புக்காகவே. வாடகை வீடென்றால் உரிமையாளருக்குத் தெரிவித்த பிறகே பூட்டை உடைக்கவோ மாற்றவோ வேண்டும். தொலைந்த சாவியோடு முகவரியும் போயிருந்தால், கதவு திறந்த அன்றே புதுப் பூட்டுப் போட வேண்டும்.

முன்னெச்சரிக்கை

• மாற்றுச் சாவியை நம்பகமான உறவினரிடமோ அண்டை வீட்டாரிடமோ கொடுத்து வைக்கலாம். பூந்தொட்டிக்கு அடியிலும் நிலைப்படிக்கு மேலும் வைத்தால், அதைத் திருடரும் தேடி எடுத்துவிடுவார்.

• சாவிக்கொத்தில் முகவரி எழுதக் கூடாது.

• கதவைச் சாத்துமுன் சாவி கையில் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

• பூட்டு இறுகினால் சாவித் துளையில் பென்சில் கரித்தூள் சிறிது இடலாம். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் தூசி சேர்ந்து பிசுக்காகும்.

• சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், உட்புறத் தாழ்ப்பாள் அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.