இன்னும் எத்தனை கிலோ? பழைய ஜிம்காரனின் கணக்கு

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. ஜிம் முடிந்து முதலியார்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கூடப் பயிற்சி செய்யும் தம்பி ஒருவன், 24 வயது, குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அண்ணா, மூணு வருஷமாச்சு. கை 14 இன்ச்சுலயே நின்னுடுச்சு. ஒரே ஒரு சைக்கிள் போட்டுட்டு விட்டுடலாமா?"

ஜிம் பக்கம் போகாதவர்களுக்கு: சைக்கிள் என்றால் பத்துப் பன்னிரண்டு வாரம் ஸ்டெராய்டு ஊசி போட்டுக்கொள்வது. பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன்.

உடனே "வேணாம்டா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அது பதில் இல்லை. அவன் உண்மையில் கேட்டது வேறு கேள்வி: ஊசி இல்லாமல் இன்னும் எவ்வளவு வளர முடியும்? அந்தக் கேள்விக்கு எண்களோடு பதில் சொல்லவேண்டும் என்று ஒரு வாரம் உட்கார்ந்து படித்து எழுதிய குறிப்புதான் இது.

முதலில் என் கணக்கு

உயரம் 170 செ.மீ. 22 வயதில் ஜிம்மில் சேர்ந்தபோது எடை 58 கிலோ. பார்க்க ஒல்லி, ஆனால் தொப்பை உண்டு. உடற்கல்வி படித்துக்கொண்டிருந்த நண்பன் காலிபர் வைத்து அளந்து, 20 சதவீதம் கொழுப்பு என்றான். அதாவது கொழுப்பைக் கழித்தால் 46 கிலோ சொச்சம். தசை, எலும்பு, உறுப்புகள், தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். இதைக் கொழுப்பில்லா எடை என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது 33 வயது. எடை 71, கொழுப்பு 15 சதவீதம். கொழுப்பில்லா எடை 60 கிலோ. ஆக 11 வருடத்தில் சுமார் 14 கிலோ.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 14 கிலோ எப்படி வந்தது என்று என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதல் வருடம் 6. இரண்டாம் வருடம் 3. மூன்றாம் வருடம் ஒன்றரை. அடுத்த நான்கு வருடம் சேர்த்து இரண்டரை. கடைசி நான்கு வருடம் எல்லாம் சேர்த்து ஒரே ஒரு கிலோ. வருடத்துக்கு கால் கிலோ!

என் சோம்பேறித்தனம்தான் காரணமோ என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. அமெரிக்கப் பயிற்சியாளர் லைல் மெக்டொனால்ட் தன் அனுபவத்தில் ஒரு பட்டியல் தருகிறார். ஒழுங்காகப் பயிற்சி செய்யும் ஆணுக்கு முதல் வருடம் 9 முதல் 11 கிலோ, இரண்டாம் வருடம் அதில் பாதி, மூன்றாம் வருடம் அதிலும் பாதி, நான்காம் வருடத்திலிருந்து ஒரு கிலோ சொச்சம். இது ஆய்வு முடிவு இல்லை, ஒருவருடைய மதிப்பீடுதான். என் எண்கள் அவர் பட்டியலைவிடச் சிறியவை. ஆனாலும் பாதி பாதியாகக் குறைகிற வடிவம் அதேதான்.

ஏன் குறைகிறது? புதிதாக வெயிட் தூக்குபவனுக்கு ஒரு நாள் பயிற்சியின் விளைவாகத் தசையில் புரதம் சேரும் வேலை இரண்டு நாள் வரைகூட வேகமாக நடக்கும். பழகியவனுக்கு அது சீக்கிரமே அடங்கிவிடும். இதற்கு மேல் உடம்பிலேயே ஒரு பிரேக் இருக்கிறது. மயோஸ்டாட்டின் என்ற புரதம் தசை அளவுக்கு மீறி வளராமல் தடுக்கிறது. இதை 1997-இல் கண்டுபிடித்தார்கள். பெல்ஜியன் ப்ளூ என்ற மாட்டு இனத்தில் இந்தப் பிரேக் மரபிலேயே வேலை செய்வதில்லை. அந்த மாட்டின் படத்தைப் பார்த்தால் மிஸ்டர் இந்தியா மேடையில் நிற்பதுபோல் இருக்கும். நமக்குப் பிரேக் சரியாக வேலை செய்கிறது. அது குறை இல்லை. தேவைக்கு மேல் தசையைச் சுமந்து அதற்குத் தீனி போடுவது உடம்புக்கு வீண் செலவு.

25 என்ற எண்

இந்த விஷயத்தைத் தேடுகிற எவனும் கடைசியில் ஒரு எண்ணில் வந்து முட்டுவான்: 25.

கொழுப்பில்லா எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் (மீட்டரில்) வகுக்க வேண்டும். பிஎம்ஐ மாதிரிதான், கொழுப்பை மட்டும் கழித்துவிடுகிறோம். பிறகு 1.80 மீட்டரிலிருந்து உங்கள் உயரத்தைக் கழித்து, 6.3-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். எனக்கு 20.9, அதோடு 0.6, மொத்தம் 21.5. ஜிம்முக்குப் போகாத ஐரோப்பிய இளைஞனுக்கு இது சுமார் 19 இருக்கும். 22 வயதில் எனக்கு இருந்தது 16.7.

1995-இல் கூரி, போப் முதலியோர் 157 ஆண் விளையாட்டு வீரர்களை இப்படிக் கணக்கிட்டார்கள். 83 பேர் ஸ்டெராய்டு எடுத்தவர்கள், 74 பேர் எடுக்காதவர்கள். எடுக்காதவர்களின் எண் 25-க்குள் நின்றது. எடுத்தவர்களில் பலர் அதைத் தாண்டினார்கள், சிலர் 30-ஐயே தாண்டினார்கள். அன்றிலிருந்து 25 என்பது "நேச்சுரல் எல்லை" ஆகிவிட்டது.

ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு தகவல் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. 1939 முதல் 1959 வரை, ஸ்டெராய்டு பரவுவதற்கு முந்தைய காலத்து மிஸ்டர் அமெரிக்கா பட்டம் வென்றவர்கள் 20 பேரின் சராசரி 25.4. சராசரியே 25-க்கு மேல் என்றால் சிலர் அதையும் நன்றாகவே தாண்டியிருக்கிறார்கள். 2017-இல் வந்த ஓர் ஆய்வில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீரர்களிலும் பலர் 25-ஐத் தாண்டினார்கள். ஆகவே 25 சுவர் இல்லை. ஆனால் யார் அதைத் தொடுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு நாட்டிலிருந்தே பொறுக்கி எடுத்த உடம்புகள். தெருவுக்குத் தெரு ஜிம் போகும் ஆயிரம் பேரில் அந்த உடம்பு எத்தனை பேருக்கு இருக்கும்?

என் உயரத்துக்கு 25 என்றால் 12 சதவீதக் கொழுப்போடு 80 கிலோ. நான் இப்போது 71. கண்ணாடி முன்னால் நின்று யோசித்தால் சிரிப்புதான் வருகிறது.

நாம் எங்கிருந்து கிளம்புகிறோம்

இங்கேதான் நம் ஊர்க் கணக்கு வேறாகிறது. 2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. பூனாவைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே: 22.3. ஆனால் யட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற இந்திய உடம்புக்குள் தசை குறைவு, கொழுப்பு அதிகம். 22 வயதில் நான் அப்படித்தான் இருந்தேன்.

இது நேற்று வந்த விஷயமும் இல்லை. 2019-இல் வந்த ஓர் ஆய்வு, இலங்கை உட்படத் தெற்காசியாவின் பழைய எலும்புகளை அளந்து, இந்தக் குறைந்த கொழுப்பில்லா எடை 11,000 வருடம் முன்பிருந்தே இருக்கிறது என்று மதிப்பிடுகிறது. கேஸி பட் என்பவரின் சூத்திரமோ மணிக்கட்டு, கணுக்கால் சுற்றளவை வைத்தே ஒருவனின் எல்லையைக் கணிக்கிறது: மெல்லிய எலும்பு என்றால் மேலே ஏறும் தசையும் குறைவு.

அப்படியானால் நமக்கு ஒன்றும் கிடையாதா? அப்படியும் இல்லை. பெங்களூரில் கே.வி. ஐயர் 1920-களிலும் 30-களிலும் வியாயாமசாலை நடத்தினார். டெஸ்டோஸ்டிரோனை ஆய்வகத்தில் தயாரித்ததே 1935-இல்தான். அதற்கு முன்பே அவருடைய படங்கள் வெளிநாட்டு உடற்பயிற்சி இதழ்களில் வந்துவிட்டன. மனோகர் ஐச், உயரம் 4 அடி 11 அங்குலம். 1951-இல் லண்டன் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தன் பிரிவில் இரண்டாவதாக வந்து, ஊர் திரும்பாமல் அங்கேயே வேலை பார்த்துப் பயிற்சி செய்து, 1952-இல் வென்றார். ஜிம்களில் பரவிய டயனபால் மாத்திரை கடைக்கு வந்தது 1958-இல். இவர்களின் பழைய படங்களைத் தேடிப் பாருங்கள். இன்றைய இன்ஸ்டாகிராம் உடம்புகளோடு ஒப்பிட்டால் சின்ன உடம்புகள்தான். ஆனால் சட்டையைக் கழற்றி நம்ம பீச் ரோட்டில் மாலை நடந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

தம்பியின் கண்ணில் படுவது ஐயரோ ஐச்சோ இல்லை, போனில் வரும் உடம்புகள். அளவுகோலே அங்கிருந்து வந்துவிட்டது.

ஊசி என்ன செய்யும்

நேர்மையாகச் சொல்லவேண்டும்: ஊசி வேலை செய்யும். "அதெல்லாம் வெறும் தண்ணீர், விட்டால் போய்விடும்" என்று பயமுறுத்தினால் பையன்கள் நம்பமாட்டார்கள். 1996-இல் பாசின் குழுவினர், முன்பே வெயிட் பழக்கம் உள்ள 43 ஆண்களை வைத்து 10 வாரம் சோதித்தார்கள். வெற்று ஊசி போட்டுப் பயிற்சி செய்தவர்களுக்குக் கூடியது 1.9 கிலோ. வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்களுக்கு 3.2 கிலோ. இரண்டும் சேர்ந்தால் 6.1 கிலோ. சும்மா உட்கார்ந்தவன் உழைத்தவனைவிட அதிகம் ஏற்றினான்! நான் பத்து வருடமாகத் தேடிய நியாயம் அந்த ஒரு வரியில் உடைந்துபோனது.

விலை என்ன? வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் மூளை, விதைகளுக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி விழும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடக்கணக்கில். இதயத்துக்கும் கணக்கு உண்டு. 2017-இல் 140 பழைய வெயிட் தூக்குபவர்களைப் பரிசோதித்தார்கள். ஸ்டெராய்டு எடுத்த 86 பேரின் இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளிய ரத்தம் சராசரி 52 சதவீதம். எடுக்காத 54 பேருக்கு 63.

இதையெல்லாம் நான் புத்திசாலி என்பதால் தவிர்க்கவில்லை. 28 வயதில், என் கணக்கு நின்றுபோன அதே சமயத்தில், நானும் ஒரு பாட்டில் வாங்கினேன். விற்றவர் ஒரு மாஸ்டர், "உனக்கு மட்டும்தான்டா சொல்றேன்" என்றார். பாட்டில் இரண்டு மாதம் பீரோவில் வேட்டிக்கு அடியில் கிடந்தது. அந்தச் சமயத்தில்தான், எனக்கு முன்னால் ஆரம்பித்திருந்த நண்பன் ஒரு ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினான். கல்யாணமாகி இரண்டு வருடம். வீட்டில் எல்லோரும் அவன் மனைவியைத்தான் டாக்டரிடம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரிப்போர்ட்டில் விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். ஊசியைப் பற்றி வீட்டில் சொல்ல அவனுக்கு இன்னும் நான்கு மாதம் பிடித்தது. அத்தனை மாதமும் கோயில், விரதம், மருந்து எல்லாம் அந்தப் பெண்ணுக்கு. பிறகு எண்ணிக்கை திரும்பியது, குழந்தையும் பிறந்தது. ஆனால் அந்த நான்கு மாதத்தை அவன் மனைவி மறந்ததாகத் தெரியவில்லை.

பாட்டிலை நான் குப்பையில் போட்டேன். கொள்கைக்காக இல்லை, பயத்தில்.

மூன்று வருடம் தாண்டியவர்களுக்கு

தசை வளர்ச்சியை மாதக் கணக்கில் பார்க்காதீர்கள். உப்பு கூடுதலாகச் சாப்பிட்டாலோ, முந்தின நாள் பிரியாணி என்றாலோ எடை ஒரு கிலோ ஏறி இறங்கும். வருடத்துக்கு கால் கிலோ தசையை அந்தத் தராசில் எப்படிப் பார்ப்பது? ஸ்கேன் எடுத்தாலும் தண்ணீர் அதைக் குழப்பும். வருடத்துக்கு ஒருமுறை, அதே நாள், காலையில் வெறும் வயிற்றில், டேப் வைத்து அளந்தால் போதும். நடுவில் பார்க்க வேண்டியது தூக்கும் எடையை. தசை நின்ற பிறகும் பலம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அந்தக் கடைசி நான்கு வருடத்தில் என் டெட்லிஃப்ட் 130-லிருந்து 160 கிலோவுக்குப் போனது.

புரதம், உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம். 49 ஆய்வுகளைத் தொகுத்த 2018 கட்டுரை அதற்கு மேல் பலன் காணவில்லை. எனக்கு அது 114 கிராம். நான்கு முட்டை, கால் கிலோ மத்தி, தயிர், பருப்பு, சுண்டல் என்று பாண்டியில் டப்பா பவுடர் இல்லாமலே ஒப்பேற்றலாம். மாதம் டப்பாவுக்குப் போகிற காசு மீன்காரம்மாவுக்குப் போகட்டும்.

மற்றவன் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். 585 பேரை 12 வாரம் ஒரே கைப் பயிற்சி செய்யவைத்த 2005 ஆய்வில் ஒருவருக்குத் தசை 2 சதவீதம் குறைந்தது, இன்னொருவருக்கு 59 சதவீதம் கூடியது. அதே பயிற்சி, அதே 12 வாரம்.

போன வாரம் தம்பியை உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். உயரம் 175, எடை 74, கொழுப்பு 16 சதவீதம் என்று வைத்து, 20.6 வந்தது. இனி ஊசி இல்லாமல் நான்கைந்து வருடத்தில் மூன்று, நான்கு கிலோ ஏற்றினால் பெரிய விஷயம் என்றேன்.

"அவ்ளோதானாண்ணா?"

"அவ்ளோதான்டா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நண்பனின் கதையை மட்டும், பெயர் சொல்லாமல், இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். கிளம்பும்போது, "திங்கட்கிழமை ஸ்குவாட்தானே?" என்றான். வந்தான். பொங்கல் அன்று காலை இரண்டு பேரும் டேப் எடுத்து அளப்பதாகப் பேசியிருக்கிறோம்.