சன்னலைத் திறக்கவா, மூடவா?

விரைவுச்சாலைக்கோ எம்ஆர்டி தண்டவாளத்துக்கோ பக்கத்தில் வசிக்கும் சிங்கப்பூரர்களுக்கு இந்தக் கேள்வி ஒவ்வோர் இரவும் வரும். திறந்தால் காற்று வரும், கூடவே இரைச்சலும் வரும். மூடினால் இரைச்சல் குறையும், ஆனால் அறை புழுங்கும். பிறகு குளிர்சாதனத்தைப் போட வேண்டியதுதான். இங்குள்ள வீடுகள் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறக்குறைய கால்வாசி அதற்கே போய்விடுகிறது.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். வெப்பம், ஒலி, மின்காந்த அலை மூன்றும் எங்கள் பாடப்புத்தகங்களில் தனித்தனி அத்தியாயங்கள். சன்னலில் அவற்றை அப்படிப் பிரிக்க முடியாது. மூன்றும் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன. ஒன்றைத் தடுக்கப் போனால் இன்னொன்றில் கை வைக்க நேரிடுகிறது.

கண்ணாடியையே எடுத்துக்கொள்வோம். சூரியனிடமிருந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தோடு அதில் பெரும்பகுதியையும் உள்ளே விட்டுவிடும். அதைத் தடுக்கக் கண்ணாடிமீது வெள்ளியை மிக மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். தடிமன் சுமார் 10 நானோமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. வெளிச்சம் அதைக் கடந்துவிடும். அகச்சிவப்பு பெரும்பாலும் திரும்பிப் போய்விடும்.

ஆனால் வெள்ளி ஓர் உலோகமாயிற்றே! அது கைப்பேசி அலைகளையும் சேர்த்தே திருப்பி அனுப்புகிறது. இத்தகைய கண்ணாடி, சிக்னலின் ஆற்றலை நூறில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோய்விடக்கூடும். இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பூச்சை அகற்றாமல், லேசரால் அதில் மெல்லிய கோடுகளை மட்டும் கீறிவிடுகிறார்கள். படலம் சிறுசிறு கட்டங்களாகப் பிரிந்துவிடுவதால், சென்டிமீட்டர் கணக்கில் நீளமுள்ள கைப்பேசி அலை உள்ளே புகுந்துவிடுகிறது. அகச்சிவப்பின் அலைநீளமோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்கு ஒவ்வொரு கட்டமும் இன்னும் பெரிய சுவர்தான். ஐரோப்பாவில் சில ரயில்களில் இப்படிப்பட்ட சன்னல்கள் வந்துவிட்டன.

ஒலியிடம் இந்த வித்தை பலிக்காது. சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், அதன் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், 20 டெசிபலுக்கு மேல் இரைச்சலைக் குறைக்க முடியாது. ‘கொஞ்சமாகத் திறந்து வைக்கிறேனே’ என்ற சமரசம் அதனால்தான் எங்கள் வீட்டில் ஒருபோதும் வெற்றி பெற்றதில்லை. தீவு விரைவுச்சாலையை ஒட்டிய புளோக்கில் ஐந்தாவது மாடி எங்களுடையது. பாட்டியும் நானும் ஒரே அறையில் படுக்கிறோம். குளிர்சாதனக் காற்று பட்டால் மூட்டு வலிக்கிறது என்பார் பாட்டி. எனக்கோ லாரிச் சத்தத்தில் தூக்கம் வராது.

அதனால்தான் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படித்தேன். அவர்கள் சன்னலை மூடவே இல்லை. சன்னல் கம்பிகளில் 24 சிறிய ஒலிபெருக்கிகளை வரிசையாகப் பொருத்தினார்கள். ஒவ்வொன்றும் 4.5 சென்டிமீட்டர் அகலம், இடைவெளி 12.5 சென்டிமீட்டர். வெளியே இருக்கும் ஒலிவாங்கி இரைச்சலை முதலில் கேட்கிறது. ஒலி என்பது காற்றழுத்தம் ஏறி இறங்குவதுதானே? அது ஏறும் நேரத்தில் இறங்கும் அலையை ஒலிபெருக்கிகள் எழுப்புகின்றன. இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. காற்று மட்டும் தன் பாட்டுக்கு உள்ளே வருகிறது.

யோசனை பழையது. ஜெர்மானிய இயற்பியலாளர் பால் லூக் 1936லேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். இன்று நாம் ரயிலில் மாட்டிக்கொள்ளும் இரைச்சல் நீக்கும் காதணிக் கருவிகளும் இதே வழியில் இயங்குபவைதான். ஆனால் காதின் துவாரம் சிறியது, சன்னல் அகலமானது. ஒலியலை அதன் எல்லாப் பக்கத்திலிருந்தும் நுழையும். ஒலிபெருக்கிகளுக்கு இடையிலான தூரம், அலைநீளத்தில் பாதிக்கு மேல் போனால் கட்டுப்பாடு கைநழுவிவிடும். நேரமும் குறைவு. ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள் ஒலி 34 சென்டிமீட்டர் ஓடிவிடும். கருவி கேட்டு, கணக்குப் போட்டு, பதில் அலையை அனுப்ப அவ்வளவுதான் அவகாசம்.

பதிவு செய்யப்பட்ட சாலை, ரயில், விமான இரைச்சல்களை ஒலிக்கவிட்டுச் சோதித்ததில் 10 டெசிபல் வரை குறைந்தது. ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். காதுக்கு அது ஏறக்குறைய பாதிச் சத்தமாகக் கேட்கும். சன்னல் அகலத் திறந்திருக்கும்போதே இவ்வளவு குறைவது சாதாரணமல்ல என்பேன்.

படத்தைப் பாட்டியிடம் காட்டினேன். “நல்லாத்தான் இருக்கு. இத்தனையையும் யாரு தொடைக்கிறது?” என்றார். ஆய்வுக் கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை.

எனக்கு இருக்கும் கவலை வேறு. இந்த முறை நன்றாக வேலை செய்வது 300 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்கு. டயர் சத்தத்தில் பெரும்பங்கு அதில் அடங்கும். அதற்குக் கீழேயுள்ள கனத்த உறுமலை எழுப்ப இந்தச் சிறிய ஒலிபெருக்கிகளுக்குச் சக்தி போதாது. பெரியவற்றைப் பொருத்தினால் அவையே சன்னலை அடைத்துக்கொள்ளும். காற்றுக்காகத் தொடங்கிய வேலை காற்றையே தடுத்துவிடும். எங்கள் புளோக்குக்குக் கீழே பேருந்து நிறுத்தம் வேறு இருக்கிறது.